பொலியும் பங்கும்: பிரிட்டன் அஞ்சலக வழக்கு வழியாக வழக்கு நிதியின் சொற்களைப் படித்தல்

2019 டிசம்பர் 11 அன்று பிரிட்டனின் அஞ்சலக நிறுவனம், அதன் கிளைகளை நடத்திய 555 பேர் தொடுத்த வழக்கை 5 கோடியே 77 லட்சத்து 50 ஆயிரம் பவுண்ட் கொடுத்து முடித்துக்கொள்ள ஒப்புக்கொண்டது. அந்தத் தொகையை 555 ஆல் வகுத்தால் ஆளுக்கு ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் வரும். ஆனால் அவர்கள் கைக்கு வந்தது சராசரியாக 20 ஆயிரம் பவுண்ட் அளவுதான். ஏறத்தாழ 4 கோடியே 60 லட்சம் பவுண்ட் வழக்குச் செலவுக்கும், வழக்குக்குப் பணம் போட்டவர்களுக்கும் போய்விட்டது. மிஞ்சிய ஒரு கோடியே 20 லட்சம் பவுண்டைத்தான் வாழ்க்கையைத் தொலைத்த அந்த மனிதர்கள் பகிர்ந்துகொண்டார்கள்.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஒவ்வொரு பவுண்டும் ஏதோ ஓர் ஒப்பந்தத்தின் ஏதோ ஒரு சொல்லின்படிதான் வெளியேறியது. அந்தச் சொற்களை அகராதியில் தேடிப் படித்தால் ஒன்றும் விளங்காது. பணம் போன வழியிலேயே நடந்து பார்த்தால் விளங்கும். அதற்காகத்தான் இந்த வழக்கை எடுத்துக்கொள்கிறேன்.

வழக்கு எப்படி வந்தது

பிரிட்டனில் ஊர்தோறும் உள்ள சிறு அஞ்சலகங்கள் பலவற்றை நடத்துபவர்கள் சம்பளம் வாங்கும் ஊழியர்கள் அல்ல. சொந்தப் பணத்தில் கடையை வாங்கி, அதன் ஒரு மூலையில் அஞ்சலக முகப்பை வைத்து, ஒப்பந்த அடிப்படையில் நடத்துபவர்கள். 1999இல் தொடங்கி இந்தக் கிளைகளில் 'ஹொரைசன்' என்ற கணினிக் கணக்கு முறை புகுத்தப்பட்டது. ஃபுஜிட்சு நிறுவனத்தினுடையது. மாலையில் கணக்கு முடிக்கும்போது, பெட்டியில் இருக்கும் பணத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்று திரை காட்டும். நூறு பவுண்ட், ஆயிரம் பவுண்ட், சில இடங்களில் பல்லாயிரம் பவுண்ட். குறைவை நடத்துநர் தன் கையிலிருந்து கட்ட வேண்டும் என்றது நிறுவனம். கட்ட முடியாதவர்கள் மீது திருட்டு, பொய்க்கணக்கு என்று குற்றவழக்குகள் பாய்ந்தன. 1999 முதல் 2015 வரையிலான காலத்தில் 900க்கும் மேற்பட்டோர் தண்டனை பெற்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் மீது வழக்குத் தொடுத்தது காவல்துறை அல்ல, அஞ்சலக நிறுவனமே.

வடக்கு வேல்ஸின் லாண்டட்னோ நகரில் கிளை நடத்திய ஆலன் பேட்ஸ், கணினிக் கணக்கை ஏற்க மறுத்தார். 2003இல் அவருடைய ஒப்பந்தம் முறிக்கப்பட்டது. தன்னைப்போல் வேறு யாரேனும் இருக்கிறார்களா என்று தேடிக்கொண்டே இருந்த அவர், 2009இல் ஃபென்னி காம்ப்டன் என்ற கிராமத்தின் பொது மண்டபத்தில் சிலரைக் கூட்டினார். நடத்துநர்களின் சங்கம் அங்கே பிறந்தது. வழக்குத் தாக்கலானது 2016இல்தான். நடுவில் தனியார் தடயக் கணக்காளர்களின் ஆய்வு, சமரசத் திட்டம் என்று ஆண்டுகள் ஓடின. 2015இல் நிறுவனம் அந்தத் திட்டத்தையும் மூடிவிட்டது.

அதற்கு முன்பே ஏன் நீதிமன்றம் போகவில்லை என்ற கேள்வி எழும். போனவர் ஒருவர் இருந்தார். பிரிட்லிங்டன் என்ற கடலோர ஊரில் கிளை நடத்தியவர். சுமார் 26 ஆயிரம் பவுண்ட் குறைவுக்காக நிறுவனம் தொடுத்த வழக்கில், வழக்கறிஞர் வைக்கப் பணமில்லாமல் தானே நின்று வாதாடினார். 2007இல் தோற்றார். குறைவுத் தொகையோடு எதிர்த்தரப்பின் வழக்குச் செலவாக 3 லட்சத்து 21 ஆயிரம் பவுண்டும் அவர் தலையில் விழுந்தது. அவர் திவாலானார்.

இங்கேதான் முதல் சொல். தோற்றவர் வென்றவரின் செலவையும் கட்ட வேண்டும் என்பது இங்கிலாந்தின் பொது விதி. தோற்றவருக்கு எதிராக நீதிமன்றம் இடும் அந்த ஆணைக்கு 'எதிர்ச் செலவு உத்தரவு' என்று தமிழில் பெயர் வைக்கலாம். நம் ஊர் நீதிமன்றங்களிலும் 'செலவுத்தொகையுடன் தள்ளுபடி' என்ற வாசகம் உண்டு. ஆனால் இங்கே அந்தத் தொகை பெரும்பாலும் பெயரளவில் நின்றுவிடும். அங்கே அது வீட்டை விழுங்கும். 26 ஆயிரத்துக்கான சண்டையில் 3 லட்சத்து 21 ஆயிரம் இழந்த ஒருவரை ஊரே பார்த்த பிறகு, இன்னொரு நடத்துநர் தனியாளாக நீதிமன்றப் படியேற மாட்டார். நிறுவனத்தின் ஒரே பங்குதாரர் அரசு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு பக்கம் வற்றாத கிணறு, மறுபக்கம் அடகுவைத்த வீடு.

வாரத்துக்கு விட்ட வழக்கு

நடத்துநர்களின் கோரிக்கைகளை ஒரே வழக்காக நடத்த 2017 மார்ச்சில் நீதிமன்றம் அனுமதித்தது. இதற்குக் 'குழு வழக்கு உத்தரவு' என்று பெயர். அமெரிக்க 'கிளாஸ் ஆக்ஷன்' போலத் தானாக எல்லோரையும் உள்ளே இழுப்பதல்ல இது. ஒவ்வொருவரும் பெயர் கொடுத்துச் சேர வேண்டும். சேர்ந்தவர்கள் மீது பொதுச் செலவு சமபங்காக, ஆனால் தனித்தனியாக விழும். ஒருவரால் கட்ட முடியாத பங்கை மற்றவரிடம் வசூலிக்க முடியாது. 'தனித்தனிப் பொறுப்பு', 'கூட்டுப் பொறுப்பு' என்ற இரு சொற்களுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். ஜாமீன் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்ட குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு அந்த வேறுபாட்டின் எடை தெரியும்.

வழக்கை ஃப்ரீத்ஸ் என்ற சட்ட நிறுவனம் நடத்தியது. பணம் போட்டது 'தீரியம்' என்ற நிதி நிறுவனம். வழக்கில் வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை என்பதால் இப்படிப் பணம் போடுபவரை 'மூன்றாம் தரப்பு நிதியாளர்' என்கிறார்கள். வென்றால் பங்கு உண்டு, தோற்றால் போட்ட பணம் போனதுதான். வாதியின் வீட்டையோ நகையையோ தொட முடியாது. இந்தக் குணத்துக்கு ஆங்கிலச் சட்டத்தில் 'நான்-ரிகோர்ஸ்' என்று பெயர். 'திரும்பக் கேட்க இயலாத பணம்' என்று நான் சொல்வேன்.

கடன் என்ற சொல்லை இங்கே வேண்டுமென்றே தவிர்க்கிறேன். கடனில் மழை பெய்தாலும் பொய்த்தாலும் அசலும் வட்டியும் நிற்கும். இது வாரம். நிலத்தை வாரத்துக்கு விட்டால் விளைந்ததில்தான் பங்கு. விளையாவிட்டால் இருவருக்கும் இல்லை. இந்த ஒப்புமையை வலிந்து கொண்டுவரவில்லை. வழக்கில் பங்குக்குப் பணம் போடுவதற்கு ஆங்கிலச் சட்டம் வைத்த பழைய பெயர் 'சேம்பர்ட்டி'. அதன் லத்தீன் வேருக்குப் பொருளே 'வயலைப் பங்கிடுதல்'. இடைக்கால இங்கிலாந்தில் பலமுள்ள பிரபுக்கள் பலவீனமானவர்களின் நில வழக்குகளை எடுத்து நடத்தி, வென்றால் நிலத்தில் பங்கை எடுத்துக்கொண்டார்கள். எதிரியை அலைக்கழிக்கவும் அது உதவியது. 1275இலேயே அதற்கு எதிராகச் சட்டம் வந்துவிட்டது. சம்பந்தமில்லாதவர் பிறர் வழக்கைத் தூண்டி ஆதரிப்பதற்கு 'மெயின்டெனன்ஸ்' என்று பெயர். ஆதரிப்பதோடு பங்கும் கேட்டால் சேம்பர்ட்டி. 1967இல் இங்கிலாந்து இரண்டையும் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது. ஆனாலும் பொதுக்கொள்கைக்கு முரணான ஒப்பந்தம் செல்லாது என்ற வாசல் திறந்தே இருக்கிறது.

இந்தியாவுக்கு அந்தத் தடை முழு உருவில் வந்ததே இல்லை. 1876இல் கல்கத்தாவிலிருந்து போன ஒரு மேல்முறையீட்டில், அன்று இந்திய வழக்குகளுக்கு இறுதி மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் அதைத் தெளிவாக்கியது. பங்குக்குப் பணம் போடும் ஒப்பந்தம் அந்தக் காரணத்தாலேயே செல்லாததாகிவிடாது, ஆனால் அது கொள்ளையடிக்கும் தன்மையில் இருந்தால் நீதிமன்றம் துணைபோகாது என்றது. 2018இல் ஏ.கே. பாலாஜி வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றமும் இதே நிலையைக் குறிப்பிட்டது. வழக்கறிஞர் தன் கட்சிக்காரரின் வழக்குக்குப் பணம் போட முடியாது, வழக்கறிஞர் அல்லாத மூன்றாம் தரப்பினர் போடத் தடையில்லை. வென்ற தொகையில் விழுக்காடு பேசுவதும் நம் வழக்கறிஞர்களுக்கு பார் கவுன்சில் விதிப்படி விலக்கப்பட்டது. விபத்து இழப்பீட்டு வழக்குகளில் 'இத்தனை பங்கு' என்று பேரம் பேசப்படுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் இதைப் படித்துத் திகைக்கலாம். விதி அதுதான்.

கடனா, வாரமா?

இந்தக் கேள்வி வெறும் சொல் விளையாட்டு அல்ல என்பதற்கு அமெரிக்காவின் ஒஹாயோ மாநில உச்ச நீதிமன்றம் 2003இல் தீர்த்த ஒரு வழக்கே சாட்சி. கார் விபத்தில் காயமடைந்த பெண் ஒருவர் வழக்கு நடக்கும்போதே செலவுக்காக ஒரு நிதி நிறுவனத்திடம் 6,000 டாலர் வாங்கினார். வழக்கு 12 மாதத்துக்குள் முடிந்தால் 16,800 டாலர் திருப்பித்தர வேண்டும். 18 மாதத்துக்குள் என்றால் 22,200. 24 மாதம் வரை போனால் 27,600. தோற்றால் ஒன்றும் தர வேண்டாம். வழக்கு ஒரு லட்சம் டாலருக்குச் சமரசமானது, அதுவும் 12 மாதத்துக்குள்.

கீழ் நீதிமன்றம் இதைக் கடன் என்றது. தோற்கும் வாய்ப்பே ஏறக்குறைய இல்லாத வழக்கில் 'தோற்றால் தர வேண்டாம்' என்று எழுதிவைப்பதால் அது வாரமாகிவிடாது என்பது அதன் பார்வை. ஆண்டுக்கு 180 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வருகிறது என்று கணக்கிட்டது. உச்ச நீதிமன்றம் வட்டிக் கணக்குக்குள் போகவில்லை. ஒப்பந்தம் சேம்பர்ட்டி, மெயின்டெனன்ஸ் இரண்டுமாகிறது, ஆகவே செல்லாது என்றது. அது சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது. முதலில் வரும் பல ஆயிரம் டாலரும் வழக்கறிஞருக்கும் நிதியாளருக்கும் போகும் என்றால், அந்த அளவுக்கு உட்பட்ட நியாயமான சமரசத்தை வாதி ஏற்கவே மாட்டார். அவர் முடிவை வேறொருவரின் பணம் எடுக்கிறது. 2008இல் அந்த மாநிலச் சட்டமன்றம் இவ்வகை நிதியை அனுமதித்தது. ஆனால் திருப்பித்தர வேண்டிய தொகையை வெளிப்படையாக எழுதுவதும், 5 வேலை நாளுக்குள் விலகும் உரிமையும் கட்டாயமாயின.

அமெரிக்காவில் விபத்து வழக்குகளில் தனிநபர்கள் வாங்கும் இந்த 'சமரசத்துக்கு முந்தைய முன்பணம்' வேறு, அஞ்சலக வழக்கில் வந்த நிதி வேறு. முன்னது வாதியின் வீட்டு வாடகைக்கும் மருந்துக்கும். பின்னது வழக்கையே நடத்த. இரண்டுக்கும் 'வழக்கு நிதி' என்று ஒரே பெயர் வழங்குவதால் பலர் குழம்புகிறார்கள்.

காப்பீடும் பிணையும்

நிதியாளர் பணம் போட்டாலும் எதிர்ச் செலவு என்ற பூதம் அப்படியே நிற்கிறது. 555 பேரும் தோற்றிருந்தால் அரசு நிறுவனத்தின் வழக்கறிஞர் கட்டணம் அவர்கள் மீது விழுந்திருக்கும். அதற்கு 'நிகழ்வுக்குப் பிந்தைய காப்பீடு' என்று ஒன்று உண்டு. வண்டிக்குக் காப்பீடு விபத்துக்கு முன் எடுப்போம். இது தகராறு வந்த பிறகு, வழக்கில் தோற்கும் ஆபத்துக்காக எடுப்பது. ஆகவே பிரீமியம் மிகப் பெரியது. பெரும்பாலும் அதை முதலில் கட்ட வேண்டியதில்லை, வென்ற பிறகு வென்ற தொகையிலிருந்து கழிப்பார்கள்.

இன்னொரு சொல் 'செலவுக்குப் பிணை'. வாதி தோற்றால் பணம் கட்டுவார் என்ற நம்பிக்கை இல்லாதபோது, முன்கூட்டியே ஒரு தொகையை நீதிமன்றத்தில் கட்டச் சொல்லிப் பிரதிவாதி கேட்கலாம். இங்கிலாந்தில் இதை வாதியிடம் மட்டுமல்லாமல் பங்குக்குப் பணம் போட்ட நிதியாளரிடமும் கேட்க விதி இருக்கிறது. நம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 25ஆம் ஆணையும் செலவுக்குப் பிணை பற்றியதுதான். மகாராஷ்டிரம், குஜராத் போன்ற சில மாநிலங்கள் அதைத் திருத்தி, வழக்குக்குப் பணம் போட்டவரையும் தரப்பாகச் சேர்த்துப் பிணை கேட்க வழி செய்திருக்கின்றன. நிதியாளர் என்ற ஆளை நம் சட்டம் பார்த்தே இருக்கிறது என்பதற்கு இது போதும்.

தோற்றால் நிதியாளர் எவ்வளவு வரை பொறுப்பு? 2005இல் ஆர்கின் என்ற வழக்கில் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓர் எல்லை வைத்தது. வழக்குக்கு எவ்வளவு போட்டாரோ, எதிர்ச் செலவும் அந்த அளவுக்கு மேல் அவர் மீது விழாது. 2020இல் அதே நீதிமன்றம் இது எல்லா வழக்குக்கும் தானாகப் பொருந்தும் விதியல்ல என்று தளர்த்திவிட்டது. நிதியாளர்கள் கேட்கும் பங்கு பெரியதாக இருப்பதற்கு இந்த ஆபத்தும் ஒரு காரணம். அதை மறைத்துவிட்டு அவர்களைத் திட்டுவது நேர்மையாகாது.

பொலி அளக்கும் வரிசை

இப்போது மையமான சொல்லுக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் 'வாட்டர்ஃபால்', அதாவது அருவி என்பார்கள். வென்ற பணம் மேலிருந்து விழும்போது முதல் தொட்டி நிறைந்த பிறகே அடுத்த தொட்டிக்குப் போகும் என்ற உருவகம். எனக்கு அருவியைவிட நம் களத்துமேடுதான் இதற்குப் பொருத்தமாகப் படுகிறது. நெல் தூற்றிப் பொலி குவித்ததும் உழுதவன் முதலில் அள்ளுவதில்லை. தச்சர், கொல்லர், நாவிதர், வண்ணார் என்று ஊர்த் தொழிலாளர்களின் படி முதலில் அளக்கப்படும். பிறகு மேல்வாரம், அதாவது நிலத்துக்காரரின் பங்கு. மிஞ்சினால் குடிவாரம், அதாவது உழுதவனின் பங்கு. விளைச்சல் நன்றாக இருந்தால் வரிசையைப் பற்றி யாரும் கவலைப்பட மாட்டார்கள். விளைச்சல் குறைந்த ஆண்டில் வரிசைதான் எல்லாம். கடைசியில் நிற்பவன் வெறும் கோணியோடு வீடு திரும்புவான்.

வழக்கு நிதி ஒப்பந்தத்தில் பொதுவாக இந்த வரிசை வரும்: நிதியாளர் போட்ட பணம், அவருடைய ஆதாயம், காப்பீட்டுப் பிரீமியம், வழக்கறிஞர்கள் பின்னால் வாங்கிக்கொள்வதாக விட்டுவைத்த கட்டணம், அவர்களின் வெற்றிக் கட்டணம். கடைசியில் வாதி. இடையில் உள்ளவர்கள் முன்பின் மாறலாம், வாதி கடைசியில் நிற்பது அநேகமாக மாறுவதில்லை.

ஆதாயத்தைக் கணக்கிட இரண்டு வழிகள். ஒன்று, வென்ற தொகையில் விழுக்காடு. மற்றொன்று, போட்ட பணத்தின் மடங்கு. பல ஒப்பந்தங்களில் 'இரண்டில் எது அதிகமோ அது' என்று இருக்கும். இந்த நான்கு சொற்களின் வலிமையைக் காட்ட ஒரு கற்பனைக் கணக்குப் போடுகிறேன். நிதியாளர் ஒரு கோடி போடுகிறார். ஆதாயம் மூன்று மடங்கு அல்லது 30 விழுக்காடு, எது அதிகமோ அது. பிரீமியம் 50 லட்சம். வழக்கறிஞருக்குப் பாக்கி ஒரு கோடி. தீர்ப்பில் 20 கோடி வந்தால் 30 விழுக்காடு 6 கோடி. அசல் ஒரு கோடி, பிரீமியம், கட்டணம் எல்லாம் சேர்த்து 8 கோடியே 50 லட்சம் கழியும். வாதிகளுக்கு 11 கோடியே 50 லட்சம் மிஞ்சும். பாதிக்கு மேல். அதே வழக்கு 6 கோடிக்குச் சமரசமானால் 30 விழுக்காடு 1 கோடியே 80 லட்சம்தான், ஆகவே மூன்று மடங்கு அமலுக்கு வரும். 3 கோடி ஆதாயம், ஒரு கோடி அசல், ஒரு கோடி கட்டணம், 50 லட்சம் பிரீமியம். மிஞ்சுவது 50 லட்சம். நூற்றுக்கு எட்டு. ஒப்பந்தத்தில் ஒரு சொல்கூட மாறவில்லை, விளைச்சல் மட்டும் குறைந்தது.

வெற்றிக் கட்டணம் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இங்கிலாந்தில் தோற்றால் கட்டணம் வேண்டாம், வென்றால் வழக்கமான கட்டணத்தோடு மேலும் நூறு விழுக்காடு வரை என்று வழக்கறிஞர் ஒப்பந்தம் போடலாம். 2013 ஏப்ரலுக்கு முன் இந்தக் கூடுதலையும் காப்பீட்டுப் பிரீமியத்தையும் தோற்ற தரப்பிடமே வசூலிக்க முடிந்தது. அந்த மாதம் அமலுக்கு வந்த சட்டம், சில விதிவிலக்குகள் தவிர, அதை நிறுத்தியது. அதற்குப் பிறகு இவை வாதியின் இழப்பீட்டிலிருந்துதான் போக வேண்டும். நிதியாளரின் ஆதாயத்தையும் எதிர்த்தரப்பிடம் நீதிமன்றச் செலவாக வழக்கமாகக் கேட்க முடியாது. அஞ்சலக நடத்துநர்களின் வழக்கு 2016இல் தாக்கலானது. கடைசியில் கை வெறுமையாக நின்றதற்கு நிதியாளரின் பேராசையைக் காரணம் காட்டுவோர் இந்தச் சட்ட மாற்றத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை. தவறு செய்தவர் தலையில் இருந்த சுமையை எடுத்துத் தவறிழைக்கப்பட்டவர் தலையில் வைத்தது அந்தச் சட்டம். என் கோபம் முதலில் அதன் மீதுதான்.

எதிரி குறிவைத்தது யாரை

இரண்டாவது கோபம் நிறுவனத்தின் மீது. 2018 நவம்பரில் முதல் விசாரணை தொடங்கியது. ஒப்பந்தத்தின் பொருள் என்ன என்பது அதன் கேள்வி. 2019 மார்ச் 15 அன்று நீதிபதி பீட்டர் ஃப்ரேசர் நடத்துநர்களுக்குப் பெருமளவு சாதகமாகத் தீர்ப்பளித்தார். ஒரு வாரத்துக்குள், இரண்டாவது விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே, நீதிபதி பாரபட்சமாக இருக்கிறார், விலக வேண்டும் என்று நிறுவனம் மனுப்போட்டது. ஏப்ரலில் அது தள்ளுபடியானது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் அனுமதி மறுத்தது. தோற்ற மனுக்கள்தான். ஆனால் ஒவ்வொரு மனுவுக்கும் ஒவ்வொரு வாரத் தாமதத்துக்கும் வாதிகள் பக்கம் பணம் கரைந்தது. தாமதம் நீளும்போது போட்ட பணம் கூடுகிறது, பணம் கூடும்போது அதன் மடங்கும் கூடுகிறது.

இது தற்செயலா? பின்னாளில் வெளியான, 2017 செப்டம்பர் தேதியிட்ட நிறுவனத்தின் உள்குறிப்பு ஒன்று வேறு கதை சொல்கிறது. வாதிகள் வழக்கைக் கைவிடவோ நியாயமான சமரசம் கேட்கவோ வேண்டிய நிலைக்குத் தள்ள வேண்டும் என்பது அதன் கருத்து. வாதிகள் கொள்கைக்காகத் தொடர்ந்து போராடலாம், ஆனால் அவர்களின் வழக்கறிஞர்களும் நிதியாளரும் காப்பீட்டாளரும் பணம் திரும்புமா என்று மட்டுமே குளிர்ந்த மனதோடு பார்ப்பார்கள், ஆகவே நாம் குறிவைக்க வேண்டியது அவர்களைத்தான் என்று அது எழுதுகிறது. இதைப் படித்த நாளில் எனக்கு உறக்கம் வரவில்லை. உழுகிறவனை வெல்ல முடியாது, வாரத்துக்கு விட்டவனைப் பயமுறுத்து என்ற கணக்கு.

இந்தக் கணக்கு பலிப்பதற்குக் காரணமான பிரிவுக்கு 'விலகல் உரிமை' என்று பெயர். வெற்றி வாய்ப்பு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கிவிட்டது என்று தோன்றினால் நிதியாளர் பணத்தை நிறுத்திக்கொள்ளலாம். இங்கிலாந்தில் நிதியாளர் சங்கம் 2011இல் வகுத்த நடத்தை விதி, அவர்கள் வழக்கின் கட்டுப்பாட்டைக் கையில் எடுக்கக் கூடாது என்கிறது. விலகுவதிலோ சமரசத்திலோ வாதியோடு தகராறு வந்தால் மூத்த வழக்கறிஞர் ஒருவரின் கருத்துக்கு விட வேண்டும் என்கிறது. நல்ல விதிதான். ஆனால் சங்க விதி சங்கத்தில் இருப்பவரைத்தான் கட்டும். இந்த நிதிக்கு உரிமம் தரும் அரசு அமைப்பு எதுவும் அந்த வழக்கு நடந்த காலத்தில் இல்லை.

தீரியம் விலகவில்லை என்பதைப் பதிவு செய்ய வேண்டும். ஆனால் ஊற்றும் வற்றும். இன்னும் விசாரணைகள் பாக்கியிருந்தன. தொடர்ந்து நடத்தப் பணம் இல்லாமல்தான் சமரசத்துக்கு இறங்கினோம் என்று பேட்ஸ் பின்னாளில் சொன்னார்.

சமரசத்துக்குப் பின்

கையெழுத்தான 5 நாளில், டிசம்பர் 16 அன்று, இரண்டாவது தீர்ப்பு வந்தது. ஹொரைசனில் பிழைகள் இருந்தன, கிளைக் கணக்குகளில் அவை குறைவை உண்டாக்க முடியும் என்று நீதிபதி உறுதிப்படுத்தினார். நிறுவனத்தின் நிலைப்பாட்டை, பூமி தட்டையானது என்று இந்த நூற்றாண்டில் சாதிப்பதற்கு ஒப்பிட்டார். அந்தத் தீர்ப்பின் மேல் நின்றுதான் 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரே நாளில் 39 பேரின் தண்டனையை நீக்கியது. 2024இல் பாராளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து பகுதிகளில் நூற்றுக்கணக்கானோரின் தண்டனையை ஒரே வீச்சில் துடைத்தது. ஆகவே இந்த நிதியைப் பயனற்றது என்று சொல்ல என்னால் முடியாது. அந்தப் பணம் வராமலிருந்தால் இந்தத் தீர்ப்புகள் வந்திருக்காது. பேட்ஸ் அதையேதான் சொல்லிவருகிறார், அவரைவிடத் தகுதியான சாட்சி வேறு இல்லை.

ஆனால் சமரசப் பத்திரத்தில் 'முழுமையான, இறுதியான தீர்வு' என்ற சொற்கள் இருந்தன. இனி இது குறித்து எந்தக் கோரிக்கையும் எழுப்ப மாட்டேன் என்று பொருள். 2020 மே மாதம், வழக்கில் சேராத நடத்துநர்களுக்காக நிறுவனம் ஓர் இழப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. அதில் வழக்கறிஞரும் இல்லை, நிதியாளரும் இல்லை, கொடுத்தது கைக்குப் போய்ச் சேர்ந்தது. வழக்குப் போட்டு உண்மையை வெளிக்கொண்டுவந்த 555 பேர் அதில் விண்ணப்பிக்க முடியாது என்று தடுக்கப்பட்டார்கள். சண்டைக்கு முன்னே நின்றவர்கள் கடைசி வரிசைக்குப் போனார்கள்.

இதற்கிடையில் வழக்கு நிதிக்கே இன்னொரு அடி விழுந்தது. 2023 ஜூலையில் பேக்கார் என்ற வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. இழப்பீட்டில் விழுக்காடு கேட்கும் நிதி ஒப்பந்தம், வழக்கறிஞர்கள் பங்குக்கு வாதாடும் 'இழப்பீட்டுப் பங்கு ஒப்பந்தம்' என்ற வகையில் அடங்கும், அதற்கான விதிகளுக்கு உட்படாவிட்டால் அமலாக்க முடியாது என்பது அதன் சாரம். பல நிதியாளர்கள் அதன் பிறகு விழுக்காட்டை விட்டு மடங்குக்கு மாறினார்கள். விளைச்சல் குறைந்தால் மடங்கு என்ன செய்யும் என்பதை மேலே கணக்கிட்டோம். அந்தத் தீர்ப்பைச் சட்டத்தால் மாற்ற 2024இல் வந்த மசோதா பொதுத்தேர்தலோடு காலாவதியானது. 2025 ஜூனில், அரசுக்கு ஆலோசனை சொல்லும் உரிமையியல் நீதிக் குழுவும் சட்டத்தால் மாற்றவே பரிந்துரைத்தது.

555 பேருக்கு 2022 மார்ச்சில் கதவு திறந்தது. அவர்களுக்கெனத் தனி இழப்பீட்டுத் திட்டம் வரும் என்று அரசு அறிவித்தது. பழைய ஒப்பந்தத்தின் பெயரால் அந்தத் தொகையிலும் பங்கு கேட்கும் உரிமையைத் தீரியம் விட்டுக்கொடுத்தது. கணக்குவழக்குக்குள் போக விரும்பாதவர்கள் 75 ஆயிரம் பவுண்டை அப்படியே பெற்றுக்கொள்ளலாம் என்று 2024 ஜனவரியில் சொல்லப்பட்டது. மற்றவர்கள் முழு மதிப்பீட்டுக்குப் போகலாம். பலர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள், பணத்தைப் பார்க்காமலே சிலர் இறந்துபோனார்கள். அந்தத் திட்டத்தில் விண்ணப்பம் தயாரிக்கும் வழக்கறிஞரின் நியாயமான கட்டணத்தை அரசு தனியே கொடுக்கிறது. நடத்துநரின் இழப்பீட்டிலிருந்து அது கழிக்கப்படுவதில்லை.